குரங்கணி

குரங்கணி, தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் வட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரச் சிற்றூர். போடியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். பேருந்து இங்கேயே நின்றுவிடும். மேலே இருக்கும் சென்ட்ரல் ஸ்டேஷன், முத்துவாக்குடி, டாப் ஸ்டேஷன், கொழுக்குமலை ஆகியவற்றுக்கு இங்கிருந்து நடந்துதான் ஏற வேண்டும். இந்த மலைகளில் பிறக்கும் கொட்டகுடி ஆறு போடியைக் கடந்து, தேனி அருகே முல்லையாற்றோடு சேர்ந்து வைகைக்குப் போகிறது. அடிவாரத்தில் இலவமும் மாவும், ஏற ஏறக் காபியும் மிளகும் ஏலமும், உச்சியில் தேயிலையும் விளைகின்றன.

இன்று ரயிலே இல்லாத மலையில் ஊர்களுக்கு ஸ்டேஷன் என்று பெயர் வந்ததற்குக் காரணம் தேயிலை. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைப் பூஞ்சாறு அரச குடும்பத்திடம் குத்தகைக்கு எடுத்தார். மூணாறைச் சுற்றித் தோட்டங்கள் பெருகியபோது, சரக்கைக் கடலுக்குக் கொண்டுபோகச் சுருக்கமான வழி கிழக்கே போடிப் பக்கம் இறங்குவதாகவே இருந்தது. 1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டு, மாடுகளைக் கட்டி இழுத்தார்கள். 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலக் குறும்பாதை அமைத்து நீராவி இன்ஜின் ஓட்டினார்கள். டாப் ஸ்டேஷனில் இறக்கிய தேயிலைப் பெட்டிகள் சுமார் 5 கிலோமீட்டர் நீளக் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடி ஊருக்கு இறங்கின. அந்த அடிமுனைக்குப் பெயர் பாட்டம் ஸ்டேஷன். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி, பிறகு தூத்துக்குடித் துறைமுகம், அதன்பின் இங்கிலாந்து. சில ஆண்டுகள் இந்தச் சிறு பள்ளத்தாக்கு உலக வாணிகத்தின் ஒரு கண்ணியாக இருந்தது.

1924 ஜூலையில் பெய்த பேய்மழையில் மலை ரயில் அடியோடு அழிந்தது. கேரளத்தார் இன்றும் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று பேசுவது இதைத்தான். பாதையை யாரும் திரும்பக் கட்டவில்லை. தேயிலை மேற்கே திரும்பிக் கொச்சிக்குப் போகத் தொடங்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1928-இல், மதுரை – போடி ரயில் வந்தது. அதற்குள் மலைச்சரக்கு வழிமாறிப் போயிருந்தது.

அடிவாரத்தில் விவசாயிகளும் தோட்டக் கூலிகளும் வாழ்கிறார்கள். மேலே முத்துவாக்குடியில் முத்துவர் என்னும் பழங்குடியினர். மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்து மலையேறியவர்கள் தங்கள் முன்னோர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. அவர்கள் பேச்சு தமிழோடு நெருங்கிய உறவுடையது; தனி எழுத்து கிடையாது. காட்டைத் திருத்திக் கேப்பை விதைத்தவர்கள், இப்போது ஏலமும் காபியும் பயிரிடுகிறார்கள். மலைமக்களின் சிறு மொழிக்கும் மதிப்புக் கிடைக்கலாம்: சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களில் பேசும் ரோமான்ஷ், 1938-இல் அந்த நாட்டின் தேசிய மொழிகளில் ஒன்றானது. அதற்குப் பள்ளிப் பாடநூலும் வானொலியும் உண்டு. முத்துவர் பேச்சுக்கும் அப்படியோர் அக்கறை காட்டப்பட வேண்டும்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டில் பரவிய தீயில், மலையேற வந்த 23 பேர் இறந்தார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்த இரு குழுக்கள், கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது காய்ந்த புல்வெளியில் தீ சூழ்ந்துகொண்டது. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனால் இருட்டில் முதலில் ஏறிப்போய்க் காயம்பட்டவர்களைப் போர்வையில் தூக்கி இறக்கியவர்கள் உள்ளூர் மக்கள். செய்திகளில் அவர்களுக்குக் கிடைத்த இடம் மிகவும் குறைவு. இந்தத் தீவிபத்துக்குப் பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024-இல் வனத்துறை தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் குரங்கணி – சாம்பலாறு பாதையும் இடம்பெற்றது.

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சாலை கேட்டு மக்கள் நெடுங்காலமாகக் குரல் கொடுக்கிறார்கள். காட்டை அழிக்காமல் அந்த வழியைச் சீர்செய்வது எப்படி என்று ஆராய்வது அரசின் கடமை. போடி மலையின் சாலையில்லா ஊர்களுக்குத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரை முதுகில்தான் போகின்றன.