ஹெரால்டுக்கு அடியில் மூன்று வெல்டிங்

பெரியப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டை விற்கலாமா என்று அண்ணன் கேட்டார். "வெளிய நல்லாத்தானேடா இருக்கு? ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லு." வாங்க வருகிறவர் அதில் குழந்தையை வைத்து ஊருக்குப் போகப் போகிறாராம். சும்மா "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட முடியாது.

இந்தக் காரில் எங்கே பார்க்க வேண்டும் என்பதை அதன் வரலாறே சொல்லும். 1950களில் பாடியும் சேசிஸும் ஒன்றேயான மோனோகாக் முறைக்குப் பலரும் மாறிக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரயம்ஃபால் ஹெரால்டை அப்படிச் செய்ய முடியவில்லை. அவர்களுக்கு பாடி செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடி செய்துதர ஆள் இல்லை. அதனால் 1959-இல் வந்த டிரயம்ஃப் ஹெரால்டுக்குப் பழைய மாதிரியே தனி சேசிஸ். வெவ்வேறு இடங்களில் அடித்த தகடுகளை போல்ட் போட்டுச் சேர்த்த பாடி. அழகு மட்டும் இத்தாலிக்காரர் மிக்கலாட்டி வரைந்தது. 1961 முதல் அது நம்ம மெட்ராஸிலேயே தயாரானது.

கதவுக்குக் கீழே ஓடும் சில் தகட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மோனோகாக் காரில் அது துருப்பிடித்தால் முதுகெலும்பு போன மாதிரி. ஹெரால்டில் கழற்றி வேறு மாட்டிவிடலாம். இங்கே பயப்பட வேண்டியது சேசிஸுக்கும், அதிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் அவுட்ரிகர் கைகளுக்கும்தான்.

துணி சுற்றிய காந்தத்தை சில் மேல் ஓட்டினேன். பாதி இடத்தில் ஒட்டவில்லை. பெயின்ட்டுக்குக் கீழே முழுக்கப் பட்டி. பரவாயில்லை என்று படுத்து அடியில் போனேன். இடது அவுட்ரிகரில் மூன்று தலைமுறை ரிப்பேர். முதலாவது கேஸ் வெல்டிங்; துருவை வெட்டி எடுத்துவிட்டு விளிம்போடு விளிம்பு சேர்த்திருக்கிறார் யாரோ ஒரு நல்ல டிங்கர். சுத்தியலால் தட்டினால் கணீரென்கிறது. இரண்டாவது, துருவின் மேலேயே தகடு போர்த்தியது. இரண்டு தகடுக்கும் நடுவில் ஈரம் தங்கி விளிம்பு உப்பியிருந்தது. ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய்விட்டது. (துருவை மூடி மேலே பேட்ச். எங்கள் தொழிலிலும் இதேதான்!)

மூன்றாவதுதான் வயிற்றைக் கலக்கியது. போல்ட் போட வேண்டிய இடத்தில் பாடியையும் அவுட்ரிகரையும் சேர்த்து கரண்ட் வெல்டிங் அடித்திருக்கிறார்கள். இது கழற்றிப் பூட்டும் கார் என்பதே அவருக்குத் தெரியவில்லை போல. அடியில் முட்டுக் கொடுக்காமல் அடித்தார்களோ என்று கதவு இடைவெளியைப் பார்த்தேன். மேலே நெருக்கம், கீழே அகலம். நடுவில் தொய்ந்திருக்கிறது.

"பாடியைத் தூக்காம இதைச் சரி பண்ண முடியாதுண்ணே" என்றேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே அந்தப் பையனுக்கு ஃபோன் போட்டு, நான் அடியில் எடுத்த படங்களை அனுப்பினார். பையன் ஞாயிற்றுக்கிழமை தெரிந்த டிங்கர் ஒருவரோடு வருகிறானாம். விலையை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.