கொடுப்பவர் இல்லாத குழந்தை

இந்தியத் தத்தெடுப்புச் சட்டங்களின் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் ‘எடுப்பவர் யார்?’ என்ற வினாவிலிருந்தே தொடங்குகின்றனர். கைவிடப்பட்ட குழந்தையின் பக்கம் நின்று நோக்கினால், ‘கொடுப்பவர் யார்?’ என்பதே முதல் வினாவாகிறது.

பழைய இந்து சட்டத்தில் சுவீகாரம் என்பது கொடுத்தலும் ஏற்றலும் இணைந்த செயல். கொடுக்கும் உரிமை ஈன்ற தாய்தந்தையர்க்கே உரியது. ஆகவே பெற்றோரை இழந்த குழந்தையைத் தத்துக் கொடுக்கப் பொதுவிதியில் இடமில்லை. சில சமூகங்களின் வழக்காறு மட்டுமே விலக்கு. நோக்கமும் வேறு. நீர்க்கடன், குலத்தொடர்ச்சி, சொத்து ஆகியவற்றின் பொருட்டு ஆண்மகவற்ற குடும்பத்தின் குறையைத் தீர்க்க எழுந்த ஏற்பாடு அது. குழந்தையின் ஆதரவின்மையைத் தீர்க்க எழுந்ததன்று.

1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் வாழ்க்கைப்பொருளுதவிச் சட்டம் பெண்குழந்தையையும் தத்தெடுக்க வழிசெய்தது. பெற்றோர் இருவரும் இறந்திருந்தால் நீதிமன்ற அனுமதியுடன் காப்பாளர் கொடுக்கலாம் என்றது. ஆயினும், பெற்றோர் இன்னார் என்றே அறியப்படாத குழந்தை அவ்வாசகத்துள் அடங்கவில்லை. 1962ஆம் ஆண்டுத் திருத்தமே ‘கைவிடப்பட்ட’, ‘பெற்றோர் அறியப்படாத’ குழந்தைகளை அதனுள் சேர்த்தது. அத்தகைய குழந்தை இந்துவாக வளர்க்கப்பட்டால் இந்துவே என்றும் அத்திருத்தம் வகுத்தது. பிறப்பு அறியப்படாத இடத்தில் வளர்ப்பே அடையாளமாயிற்று.

முஸ்லிம், கிறித்தவர், பார்சி ஆகியோருக்கு எஞ்சியது 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம். அதன்வழி வளர்க்கலாம், ஆனால் குழந்தைக்கு மகவு என்ற நிலையோ வாரிசுரிமையோ கிட்டாது. அனைவர்க்கும் பொதுவான சட்டம் காண 1972இலும் 1980இலும் கொணரப்பட்ட மசோதாக்கள் நிறைவேறவில்லை.

நாடாளுமன்றம் தயங்கிய இடத்தில் நீதிமன்றம் நுழைந்தது. வெளிநாட்டுத் தத்தெடுப்பில் நிகழ்ந்த முறைகேடுகளைச் சுட்டி வழக்கறிஞர் லட்சுமிகாந்த் பாண்டே எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றது. 1984இல் நெறிமுறைகளை வகுத்தது. 2000ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் அதன் 2006ஆம் ஆண்டுத் திருத்தமும் சமயம் கடந்த தத்தெடுப்புக்கு வழிதிறந்தன. ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் அவ்வழி எச்சமயத்தார்க்கும் உரியது என உறுதிசெய்தது. ஆனால் தத்தெடுத்தலை அடிப்படை உரிமையாக அறிவிக்க மறுத்தது.

இன்று நடப்பிலுள்ள 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில், குழந்தையைத் தத்துக்கு உரியதென அறிவிப்பது குழந்தைகள் நலக் குழு. கைவிடப்பட்ட குழந்தைக்கு இரண்டு வயது வரை இரண்டு மாதம், அதற்கு மேல் நான்கு மாதம் என அதற்குக் காலவரம்பு உண்டு. ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீதிமன்றத்திலிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாறியது. கொடுப்பவரின் இடத்தில் இப்போது அரசு நிற்கிறது.

ஆனால் இல்லங்களில் வளரும் குழந்தைகள் அனைவரும் இந்த அறிவிப்பைப் பெறுவதில்லை. ஏட்டில் பெற்றோர் உண்டு. பார்க்க வருவோர் இல்லை என்ற நிலையில் குழந்தைப் பருவத்தையே கடந்துவிடுவோர் உளர். கொடுப்பவர் இல்லாமையால் ஒருகாலத்தில் குடும்பம் மறுக்கப்பட்டது. கொடுப்பவர் பெயரளவில் இருப்பதாலேயே இன்று அது மறுக்கப்படலாகாது. நம் ஆய்வுகள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே.