‘நபர்’ என்றால் யார்?

பிபிசியில் 2009 முதல் 2011 வரை ஒளிபரப்பான ‘காரோஸ் லா’ தொடரை ராஜபாளையத்தில் மாணவியர் சிலரோடு பார்த்தேன். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில், ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடிய வில்லியம் காரோவின் கதை அது. அன்று கடுங்குற்ற வழக்குகளில் அவர்களுடைய வழக்கறிஞர் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். ஜூரியிடம் பேச முடியாது. அந்த உரிமையை 1836ஆம் ஆண்டுச் சட்டம்தான் தந்தது.

ஒரு மாணவி கேட்டாள்: “பொம்பளைங்க கூண்டுல நிக்கிறாங்க, சாட்சி சொல்றாங்க. வாதாட ஒருத்திகூட இல்லையே, மிஸ்?”

இல்லைதான். 1919 வரை இங்கிலாந்தில் பெண் பாரிஸ்டராக முடியாது. நம் நாட்டிலோ ஒரே சொல் கதவைத் திறக்கவும் செய்தது, சாத்தவும் செய்தது. ‘நபர்’ என்பதே அந்தச் சொல்.

கொர்னேலியா சொராப்ஜி 1892இல் ஆக்ஸ்போர்டில் சட்டத் தேர்வில் தேறியவர். பெண் என்பதால் பட்டம் கிடைக்க முப்பது ஆண்டுகள் ஆயின. 1896இல் புனாவில், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண்ணுக்காக வாதாடினார். நீதிமன்றம் அனுமதித்தால் எந்த ‘நபரும்’ குற்றம் சாட்டப்பட்டவருக்காகப் பேசலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொன்னது. வழக்கறிஞர் என்ற தகுதி இல்லாமல், வெறும் ‘நபராக’ அவர் உள்ளே போனார்.

1916இல் சட்டப் பட்டதாரி ரெஜினா குஹா வக்கீலாகப் பதிய விண்ணப்பித்தார். 1879ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டத்திலும் ‘நபர்’ என்றே இருந்தது. கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், அந்தச் சொல்லில் பெண் அடங்கமாட்டாள் என்றார்கள். 1921இல் பாட்னாவில் சுதான்சுபாலா ஹஸ்ராவுக்கும் மறுப்புதான். அதே ஆண்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் கொர்னேலியாவைப் பதிவு செய்தது. நீதிபதிகளின் மனதை நம்பிப் பெண்கள் படிக்க வேண்டியிருந்தது. பெண் என்ற காரணத்தால் மட்டும் யாரையும் மறுக்கக் கூடாது என்ற சட்டம் 1923இல் வந்த பிறகே அனுமதி உரிமையானது.

ராஜபாளையத்துக்கு மேற்கே நிற்கும் மலையைத் தாண்டினால் பழைய திருவிதாங்கூர். அங்கே அன்னா சாண்டி 1929இல் வழக்கறிஞராகி, குற்றவியல் வழக்குகளில் பெயர் பெற்றார். ‘ஸ்ரீமதி’ என்ற பெண்கள் இதழையும் நடத்தினார். 1937இல் முன்சீப், 1959இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. அவர் வழக்கறிஞரான அதே 1929இல், சென்னையில் ஆனந்தபாய் பதிவு பெற்றார்.

எங்கள் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அங்கே கறுப்பு அங்கியோடு ஒரு பெண் எழுந்து வாதாடினால் இன்று யாரும் வியப்பதில்லை. இந்தச் சாதாரணத்துக்கு வயது நூற்றுச் சொச்சம்தான். சட்டம் படிக்கப்போகும் பெண்கள் அதை மறக்க வேண்டாம். ஒரு சட்டத்தில் ‘நபர்’ என்று கண்டால், அதில் யாரெல்லாம் அடக்கம் என்று கேளுங்கள். ரெஜினா குஹா கேட்டது அதைத்தான்.