பேர் இருந்தால்தான் வீடு: ஹேவாஹெட்ட மலைகள் சொல்லும் வரலாறு

1867ஆம் ஆண்டு மலையக வரலாற்றில் இரண்டு காரணங்களால் நினைவுகூரப்படுகின்றது. கொழும்பிலிருந்து கண்டிக்கு முதன்முதலாக ரயில் வந்து சேர்ந்தது அவ்வாண்டில்தான். ஹேவாஹெட்ட மலைப்பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதும் அவ்வாண்டில்தான். ரயிலையும் தேயிலையையும் பற்றி எழுதப்பட்ட நூல்களுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தத் தேயிலையைப் பறித்தவர் எங்கே குடியிருந்தார், வேலைக்கு எவ்வளவு தூரம் நடந்தார், அந்தக் குடியிருப்பு அவருடைய தொழிலை எவ்வாறு கட்டிப்போட்டது என்ற கேள்விகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் குறைவு. ஹேவாஹெட்டவை விட்டால் அதற்குப் பொருத்தமான வேறோர் இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் கோப்பிக் காலத்தைப் பார்ப்போம். கோப்பிக்கு அறுவடைப் பருவம் ஒன்று உண்டு. அப்பருவத்தை நோக்கித் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணியின் பின்னால் ஆட்கள் புறப்பட்டனர். கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து கண்டிச் சீமைக்கு வந்தனர். அந்த வழியில் பசியாலும் வாந்திபேதியாலும் மாண்டவர்கள் ஏராளம். பிழைத்து வந்தவர்களில் பெரும்பாலோர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். அதாவது அன்று பாதை நீளமாகவும் தங்கல் குறுகியதாகவும் இருந்தது. வீடு ஊரில் இருந்தது. வேலை மட்டுமே இங்கிருந்தது.

1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. பயிர் மாறியபோது மனிதரின் வாழ்வு முறையும் மாறியது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஒரே செடியில் ஏழு முதல் பத்து நாளுக்கு ஒரு முறை கொழுந்து எடுத்தாக வேண்டும். எடுத்த கொழுந்து அன்றைக்கே தொழிற்சாலையைச் சேர வேண்டும். ஆகவே ஆண்டு முழுவதும், விடியற்காலைத் தப்புச் சத்தம் கேட்கும் தூரத்தில், குடும்பம் குடும்பமாக ஆட்கள் தேவைப்பட்டனர். லயம் என்பது இந்தத் தேவையின் பிள்ளை. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் சிறிய இஸ்தோப்பு. ஒரு கூரையின் கீழ் பத்து, பன்னிரண்டு குடும்பங்கள்.

இப்போது பாதை சுருங்கியது. தங்கல் தலைமுறைக் கணக்காக நீண்டது. காம்பராவிலிருந்து பெரட்டுக் களத்துக்கும், அங்கிருந்து மலைக்கும் நடப்பதே அன்றாடப் பயணம் என்றாயிற்று. தோட்டத்துக்கு வெளியே பஸ் ஓடினாலும் ரயில் ஓடினாலும் அது தொழிலாளியின் வேலை நாளைச் சேர்ந்த விடயமாக இருக்கவில்லை.

இங்கே ஓர் ஒப்பீடு அவசியம். தோட்டங்களைச் சூழ்ந்திருந்த கண்டிய சிங்களக் கிராமத்தவரும் தோட்டத்தில் வேலை செய்ததுண்டு. காடு வெட்டினர், வண்டி ஓட்டினர், நாட்கூலிக்கு வந்தனர். ஆனால் மாலையில் சொந்த வீட்டுக்குத் திரும்பினர். வயல் விதைக்கும் காலத்தில் துரை அழைத்தாலும் வரமாட்டார்கள். இதனை அவர்களின் சோம்பல் என்று எழுதிவைத்த துரைமார் உண்டு. உண்மையில் அது சோம்பலன்று. சொந்தக் கூரை தந்த துணிவு. துரையின் கூரையின் கீழ் படுத்தவருக்கு அந்தத் துணிவு வாய்க்கவில்லை.

கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்த 'துண்டு' முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. ஆயினும் பற்றுச்சீட்டு என்ற ஆயுதம் எஞ்சியிருந்தது. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் காம்பராவையும் விட்டுப் போக வேண்டும். கூலி உயர்வு கேட்பவர் பணயம் வைத்தது அன்றைய கூலியை மட்டுமன்று. அன்றிரவு பிள்ளைகள் உறங்கும் இடத்தையும்தான். லயம் தோட்டத்துக்குச் சொந்தமான நிலத்தில் இருந்ததனால், அங்கே கூட்டம் போட வந்த தொழிற்சங்கத்தாரையும் அத்துமீறி நுழைந்தவர் என்று தடுக்க முடிந்தது.

இந்தப் பின்னணியில்தான் ஹேவாஹெட்ட முல்லோயா தோட்டத்து வேலைநிறுத்தத்தை நோக்க வேண்டும். லங்கா சமசமாஜக் கட்சியைச் சார்ந்த தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைமையில் கூலி உயர்வு கோரி நடந்த அந்தப் போராட்டத்தில், 1940 ஜனவரியில் பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதனையொட்டி உள்நாட்டமைச்சருக்கும் பொலிஸ் தலைவருக்கும் எழுந்த முரண்பாடு தேசாதிபதி வரை சென்று, அமைச்சர் சபை பதவி விலகும் அளவுக்கு முற்றியது. வீடும் வேலையும் ஒருவரிடமே இருந்த மக்கள் அவ்வளவையும் பணயம் வைத்து எழுந்தனர் என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்றே நினைக்கின்றேன்.

அதன் பின் வந்தவை பலரும் அறிந்தவை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு எனக் கணக்கிட்டது. லயத்தை விட்டுப் போகும் பாதை ஒன்று முதன்முதலாகத் திறந்தபோது அது தலைமன்னார்த் துறையை நோக்கித் திறந்தது. எஞ்சியோரின் குடியுரிமைப் பிரச்சினை முழுமையாகத் தீர 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் பெரும்பாலானவை தனியார் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறின. அப்போது பதிவுபெற்ற தொழிலாளர் மூன்று லட்சத்துக்கு மேல். இன்று கம்பனித் தோட்டங்களில் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. ஆனால் தோட்டங்களில் குடியிருப்போரின் தொகை அந்த அளவுக்குக் குறையவில்லை. எனவே காலையில் தலாத்துஓயா வழியாகக் கண்டிக்குச் செல்லும் பஸ்ஸில் மலையக இளைஞர்கள் கடை வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகின்றனர். பலர் கொழும்பில் தங்கி, தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் வந்து போகின்றனர். வீட்டில் தாயார் மட்டும் கொழுந்து எடுக்கின்றார். நாட்கூலிக்காக மட்டுமன்று. குடும்பத்தில் ஒருவருக்காவது தோட்டத்தில் 'பேர்' இருந்தால்தான் காம்பரா தங்கும் என்ற அச்சத்துக்காகவும். மகனின் நகர வேலையைத் தாங்கி நிற்பது தாயாரின் பேர்.

அந்த இளைஞனின் பயணமும் எளிதன்று. தோட்டத்துப் பாதைகள் தோட்டத்தின் சொத்து. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் பொது நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிட இடம் தரவில்லை. அது திருத்தப்பட்டது 2018இல்தான். வாக்களித்தவர்கள் அங்கே, வாக்குப் பெற்ற சபைக்கு அவர்கள் வாசலில் கல் பதிக்க முப்பது ஆண்டுகள் அதிகாரமில்லை! பிரதான வீதியில் பஸ் ஓடியும், லயத்திலிருந்து அங்கே இறங்கி வருவதே பெரும் பயணமாக இருந்ததன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இது இலங்கைக்கு மட்டும் உரிய துயரமன்று. திருநெல்வேலி மாவட்டத்தின் மாஞ்சோலையில் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற தேயிலைத் தோட்டத்தைக் கம்பனி 2024இல் கைவிட முன்வந்தபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தொழிலாளர்கள் விருப்ப ஓய்வோடு வீட்டையும் ஒப்படைக்குமாறு கேட்கப்பட்டனர். வேலை போனால் வீடு போகும் என்ற அதே விதி, கடலின் அக்கரையிலும்!

2015க்குப் பின்னர் ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற கொள்கை வந்தது. 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். வரவேற்க வேண்டியவையே. ஆயினும் 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்த பின், எங்கே கட்டுவது என்ற கேள்வி முன்னெப்போதையும் விடக் கூர்மையாகியுள்ளது. கூரையை மட்டும் மாற்றினால் போதாது. நிலைத்த மண்ணில், பஸ் வரும் பாதைக்கு அருகில், வேலை கிடைக்கும் ஊருக்குப் போய்வரக்கூடிய தூரத்தில், உறுதிப்பத்திரத்தோடு அமைய வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது ஓட்டுக் கூரை போட்ட இன்னொரு லயமாகவே முடியும்.

1867இல் கண்டிக்கு வந்த ரயில் தேயிலையை ஏற்றிச் செல்லப் பழகிக்கொண்டது. தேயிலையைப் பறித்தவரின் பேரப்பிள்ளைகள் விரும்பிய வேலைக்குப் போய், மாலையில் தமக்கென உள்ள வீட்டுக்குத் திரும்பும் நாளே அந்த வரலாறு நிறைவு பெறும் நாள். அக்கிராமத்தவருக்கு அன்றே இருந்த உரிமை அது. அதற்கு மேலாக இம்மக்கள் எதையும் கேட்கவில்லை.