மருந்தும் கோப்பும்

கண்டி–மாத்தளை ரயில் பாதையிலுள்ள வத்தேகமவில் ஒருவர் வாங்கும் காய்ச்சல் மாத்திரைக்குப் பின்னால் அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. பேராதனை மருத்துவ பீடாதிபதியாக இருந்த பேராசிரியர் சேனக பிபிலே, 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரானார். வணிகப் பெயர்களை விடுத்து மூலப்பெயரில், உலகளாவிய விலைமனு கோரி மருந்து வாங்கும் முறையை நிலைநாட்டினார். எந்த மருந்து தேவை, எவர் என்ன விலை கேட்கிறார் என்ற தகவலே அவருடைய ஆயுதம். அத்தகவல் காகிதக் கோப்புகளில் இருந்த காலம் அது.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையைத் தோற்றுவித்தது. மருந்துப் பதிவு பின்னர் கணினிமயமாயிற்று. 2021 ஜூலையில், அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேமிப்பகத்திலிருந்த அதன் தரவுகள் பெருமளவில் அழிந்துபோயின. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையில் இறங்கியது.

மருந்தைத் தயாரித்தவர் எவர், அதன் தரத்துக்குச் சான்று என்ன என்பனவெல்லாம் அப்பதிவில்தான் உள்ளன. அது தொலைந்தால், தரமற்ற மருந்தைத் தடுக்கும் ஆதாரமும் தொலையும். கணினிமயமாக்கம் தேவையே. ஆயினும், வேறோரிடத்தில் பிரதியொன்றைப் பேணாமல் அதை நம்பியிருக்க முடியாது. அந்த அசட்டையின் விலையைச் செலுத்துபவர் அதிகாரியல்லர், வத்தேகம நோயாளியே.