விரல்கள் கேட்ட எழுத்து

நூலைக் கொடையாக அளிப்பவர், அதைத் தம் கண்ணால் சரிபார்த்தே அளிக்கிறார். பெறுபவருக்குப் பார்வை இல்லையெனில் அக்கொடை என்னவாகும்? இவ்வினாவை நமக்குள் எழுப்பியவர், நம் பங்கின் பாடகர் குழுவில் பாடும் பார்வையற்ற இளைஞர் ஒருவர். மறைக்கல்விக்கென நாம் எழுதிய பாடக் குறிப்புகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, எவரும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று கைப்பேசி வழியே அனுப்பியிருந்தோம். இலவசமாகக் கொடுத்துவிட்டோம் என்ற நிறைவும் நமக்கு இருந்தது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர் வந்து, "சாமி, நீங்க அனுப்புன பாடத்தை என் போன் வாசிக்க மாட்டேங்குது, படம்னு மட்டும் சொல்லுது" என்றார். எழுத்தை ஒலியாக்கித் தரும் அவருடைய கைப்பேசி, படத்துள் கிடந்த எழுத்தை எழுத்தாகவே அறியவில்லை.

இத்தவறு நம்மோடு தொடங்கியதன்று. அதன் வரலாற்றை அறியப் பாரிஸ் நகருக்குச் செல்ல வேண்டும்.

1771இல் அந்நகரின் புனித ஒவிட் சந்தையில், பார்வையற்ற இசைஞர் சிலருக்குக் கோமாளி உடையும் பெரிய மூக்குக் கண்ணாடியும் அணிவித்து, கூட்டத்தார் நகைக்க நிறுத்தி வைத்தனர். அதைக் கண்டு மனம் நொந்தவர் வாலன்டின் ஹவுய் என்னும் அறிஞர். 1784இல் சான்-ஜெர்மேன்-தெ-ப்ரே ஆலய வாசலில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த பிரான்சுவா லெசுயர் என்ற பார்வையற்ற இளைஞரை அவர் தம் முதல் மாணவராக ஏற்றார். அடுத்த ஆண்டிலேயே பார்வையற்றோர்க்கான பள்ளி உருப்பெற்றது. ஈரத்தாளை அச்செழுத்தின்மீது அழுத்தி, எழுத்துகளைப் புடைப்பாக எழச் செய்து, விரலால் தடவிப் படிக்கும் நூல்களை ஹவுய் உருவாக்கினார்.

பார்வையுள்ளோர் படிக்கும் அதே எழுத்தையே பார்வையற்றோரும் படிக்க வேண்டும், இருவரும் பிரிந்துவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். எண்ணத்தில் குறையில்லை. ஆயினும் அவ்வெழுத்துகள் கண்ணுக்கென வளைந்தவை, விரலுக்கென அமைந்தவையல்ல. நூல்கள் பெருத்துக் கனத்தன. ஒவ்வோர் எழுத்தையும் தடவி உணர நெடுநேரம் ஆயிற்று. படிக்க ஓரளவு இயன்றதேயன்றி, மாணவர் தம் கையால் எளிதில் எழுத வழியில்லை.

அப்பள்ளிக்கு 1819இல் வந்து சேர்ந்தவர் பத்து வயதுச் சிறுவர் லூயி பிரெயில். 1809 ஜனவரி 4இல் கூப்வ்ரே சிற்றூரில் பிறந்த அவர், மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் கூரிய கருவி கண்ணில் பாய்ந்ததால், சில ஆண்டுகளில் இரு விழிகளையும் இழந்தார். அவ்வூர்ப் பங்குத்தந்தை பல்லுயி அச்சிறுவருக்குத் தாமே கற்பித்தார். ஊர்ப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு அமரவும் வழி செய்தார்.

1821இல் ஷார்ல் பார்பியே என்பவர் உருவாக்கிய புள்ளி எழுத்து முறை பள்ளிக்கு அறிமுகமாயிற்று. புள்ளி விரலுக்கு இசைந்ததென்று மாணவர் உடனே உணர்ந்தனர். ஆனால் பார்பியேயும் பார்வையுள்ளவரே. பன்னிரு புள்ளி கொண்ட அவருடைய கட்டம் ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை. அம்முறை ஒலிகளை மட்டுமே குறித்தது. சொற்களின் சரியான எழுத்துக்கோவைக்கும் நிறுத்தற்குறிகளுக்கும் அதில் இடமில்லை. சிறுவர் பிரெயில் அதைச் சுருக்கித் திருத்தினார். 1824இல், பதினைந்து வயதில், ஆறே புள்ளிகளில் தம் எழுத்தை வகுத்தார். அவ்வாறு புள்ளிகளால் 63 குறிகள் அமையும். எழுத்தும் எண்ணும் இசையும் அவற்றுள் அடங்கும். 1829இல் அம்முறையை நூலாக வெளியிட்டபோது, பார்பியேக்குத் தாம் பட்ட கடனை மறவாமல் குறிப்பிட்டார். பிற்காலத்தில் பாரிஸ் ஆலயங்களில் ஆர்கன் இசைத்து வாழ்ந்த அவருக்கு இசைக்குறிகளும் அதே புள்ளிகளில் கிடைத்தன.

ஆயினும் வரவேற்பு கிட்டவில்லை. 1840க்குப் பின் பள்ளியின் புதிய தலைவர் அவ்வெழுத்தைத் தடை செய்தார். பார்வையுள்ள ஆசிரியர் படிக்க முடியாத எழுத்து மாணவரைத் தனிமைப்படுத்தும் என்பது வாதம். மாணவரோ மறைவாக எழுதினர்; ஒருவருக்கொருவர் கற்பித்தனர். 1844இல் தடை தளர்ந்தது. 1852இல் பிரெயில் மறைந்தார். பிரான்சு அவ்வெழுத்தை முறைப்படி ஏற்றது அதற்கு இரண்டாண்டு கழித்தே. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் அமைந்தது. தமிழும் அப்புள்ளிகளில் வாழ்கிறது.

எழுத்து கிடைத்தது, நூல் கிடைத்ததா? அங்கே பதிப்புரிமைச் சட்டம் குறுக்கே நின்றது. ஒரு நாட்டில் பிரெயிலிலோ ஒலியிலோ ஆக்கிய நூலை மற்றொரு நாட்டுக்கு அனுப்பத் தடைகள் இருந்தன. ஒரே நூலை நாடுதோறும் புதிதாக உருவாக்க நேர்ந்தது. 2013 ஜூன் மாதம் மொராக்கோவின் மராகேஷ் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கை அத்தடையைத் தகர்த்தது. 2014இல் அதை உலகில் முதன்முதலாக உறுதி செய்த நாடு நம் இந்தியாவே. 2016 செப்டம்பர் 30இல் அது நடைமுறைக்கு வந்தது.

எவரும் இலவசமாகப் பெற்று, திருத்தி, பகிரக்கூடிய பாடநூல்களுக்குத் 'திறந்த கல்வி வளங்கள்' என்ற பெயர், 2002இல் அதே பாரிஸ் நகரில் யுனெஸ்கோ கூட்டிய மன்றத்தில் பிறந்தது. 2019இல் அவ்வமைப்பு வெளியிட்ட பரிந்துரை, அவ்வளங்கள் உடற்குறையுள்ளோர் உட்பட எல்லாருக்கும் எட்ட வேண்டுமென வற்புறுத்தியது. விலையை நீக்குவது ஒன்று. எட்டச் செய்வது வேறொன்று. திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் 'என்.வி.டி.ஏ' என்ற இலவச மென்பொருளை 2006இல் தொடங்கியவர் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர். இங்கும் தேவையை அறிந்தவரே வழியைக் கண்டார்.

தமிழில் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. முன்னாளில் நாம் அச்சுக்குப் பயன்படுத்திய பழைய எழுத்துருக்கள் பல, கண்ணுக்குத் தமிழாகத் தெரியினும், கணினியின் உள்ளே வேறு குறிகளாகவே கிடக்கின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றாமல் அப்படியே பகிர்ந்தால், படித்துக்காட்டும் மென்பொருளுக்கு அவை பொருளற்ற ஒலிகளே. நம் பங்கின் பழைய மலர்கள் யாவும் இந்நிலையிலேதான் உள்ளன.

எரிகோவின் வழியோரத்தில் அமர்ந்திருந்த பர்த்திமேயுவை ஆண்டவர் அழைத்தபோது, அவருக்கு வேண்டியது என்னவென்று முதலில் வினவினார். வெளிப்படையான தேவைக்கும் அவர் கேட்டே செய்தார். நாமோ கேளாமலே பாடம் அனுப்பினோம்.

அவ்வாரமே குறிப்புகள் அனைத்தையும் ஒருங்குறியில் மீண்டும் தட்டெழுதி, பிறருக்கு அனுப்பும் முன் அவ்விளைஞரிடம் கொடுத்தோம். இருநாள் கழித்து வந்தார். "எல்லாம் நல்லா வாசிக்குது சாமி. ஆனா மூணாம் பாடத்துல 'மேலே உள்ள படத்தைப் பார்க்கவும்'னு இருக்கே, அது என்ன படம்?" என்றார். அவரை அருகில் அமர்த்தி, படத்தில் இருப்பதை நாம் சொல்லச் சொல்ல, எது தேவை, எது தேவையில்லை என்று அவர் கூறினார். மூன்று வரிகளில் அது எழுத்தாயிற்று. இப்போது அப்பாடத்தில் படமும் இருக்கிறது, அவ்வரிகளும் இருக்கின்றன.