மொண்டினி பார்த்த குழாய்

1791ல் இத்தாலியின் பொலோனியா நகரில், கார்லோ மொண்டினி என்ற உடற்கூறு அறிஞர் எட்டு வயதுப் பையன் ஒருவனின் காதெலும்பை அறுத்துப் பார்த்தார். பிறவியிலேயே காது கேட்காதவன். வண்டி மோதி, காலில் பட்ட காயம் அழுகி இறந்துபோனான். உள்காதில் நத்தைக்கூடு மாதிரி சுருண்டிருக்கும் காக்ளியா நமக்கெல்லாம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று. அவனுக்கு ஒன்றரைதான். அதோடு, உள்காதிலிருந்து மூளைப் பக்கம் போகிற மெல்லிய எலும்புக் குழாய் ஒன்றும் வழக்கத்தைவிட அகலமாக இருந்தது. இரண்டையும் மொண்டினி லத்தீனில் எழுதி வைத்தார். சுற்றுக் குறைவுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அகலக் குழாய் தனி நோயாகப் பெயர் வாங்க 1978 ஆனது. அந்த வருஷம்தான் வல்வசோரி, கிளெமிஸ் என்ற இருவர் அதை எக்ஸ்ரே படங்களில் அளந்து எழுதினார்கள். நடுவில் 187 வருஷம்!

உயிரோடு இருக்கிற பிள்ளையின் காதை அறுத்துப் பார்க்க முடியாது. முதலில் கையில் கிடைப்பது ஆடியோகிராம்தான். ஹெட்போன் வழியாக ஒலி கொடுத்து ஒரு கோடு, காதுக்குப் பின் எலும்பில் அதிர்வு கொடுத்து இன்னொரு கோடு. எலும்பு வழி நேராக உள்காதுக்குப் போய்விடும். அது நன்றாக இருந்து காற்று வழி மட்டும் மோசமென்றால், கோளாறு நடுக்காதில். எங்க தொழிலில் பிழை எந்த மாட்யூலில் என்று தேடுகிற அதே முறை. சளி, சீழ் என்று பெரும்பாலும் இந்தக் கணக்கு சரியாகவே வரும்.

ஆனால் செவிப்பறைச் சோதனை சுத்தமாக இருந்தும், தாழ்ந்த சுருதிகளில் அந்த இடைவெளி தெரிந்தால்? உள்காதுக்கு இருக்க வேண்டியது இரண்டு ஜன்னல். அகலக் குழாய் மூன்றாவதாகிவிடுகிறது. காற்று வழி வந்த சக்தி அதன் வழியே கசிகிறது, எலும்பு வழிக் கேள்வியோ கூர்மையாகிறது. நடுக்காதில் ஒரு கோளாறும் இல்லாமலே நடுக்காதுக் கோளாறு மாதிரி படம் விழும். (செவிடு மிக அதிகமான பிள்ளை அதிர்வைத் தோலில் உணர்ந்து கை தூக்கினாலும் இப்படி வரும். அதையும் கழித்துப் பார்க்கணும்.)

இதில் ஏமாந்தால் விலை பெரிது. 1971ல் வால்டர் நான்ஸும் சக மருத்துவர்களும் ஒரு குடும்ப நோயை விவரித்தார்கள். ஆடியோகிராம் அங்கவடி எலும்பு இறுகியதுபோலக் காட்டும். அதைச் சரிசெய்யத் திறந்தால் திரவம் பீறிட்டு அடிக்கும், மிச்சமிருந்த கேள்வியும் போய்விடலாம். எக்ஸ் குரோமோசோமில் வருவது, அதனால் பையன்களைத்தான் அதிகம் தாக்கும். அதற்கான மரபணு 1995ல் பிடிபட்டது. அப்படி ஒரு ஆடியோகிராம் வந்தால், கத்திக்கு முன் சி.டி. ஸ்கேன். கூடவே காசில்லாத ஒரு கேள்வி: தாய்மாமனுக்குக் காது எப்படி?

அகலக் குழாயின் கதை வேறு. அதற்கு முக்கியமான மரபணுவில் பழுது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வரணும். அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற எங்க கடலூர்ப் பக்கத்துக்கு இது தூரத்துச் செய்தி இல்லை.

காக்ளியர் இம்பிளான்ட்டுக்குத் தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டம் பணம் தருகிறது. ஆபரேஷன் என்றாலே ஸ்கேன் எடுத்துவிடுவார்கள். எனக்குக் கவலை, பாதி கேட்டு, மெஷின் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்தான். அகலக் குழாய் உள்ள பிள்ளைக்கு, கபடியில் தலையில் படும் சாதாரண அடியே மீதிக் கேள்வியை ஒரே நாளில் இறக்கிவிடலாம். அந்தப் பிள்ளை கையில் இருக்கிற பழைய ஆடியோகிராமில், கீழ்ச்சுருதிப் பக்கம், இரண்டு கோடும் விலகி நிற்கிறதா என்று பாருங்கள்.